அக்காவுக்குக் கைராசி இருக்கவில்லை

இந்த நினைவு மலருக்கென்று ஒரு வாழ்க்கை வரலாறு ஏற்கெனவே எழுதி முடித்து அச்சகத்துக்கும் போய்விட்டது. யாழ்ப்பாணம் போய், அச்சுக் கோப்பவரின் மேசையிலிருந்து அதைத் திருப்பி எடுத்து வந்தவள் நான். அக்காவின் ஆண்டுத் திவசத்துக்கு வந்து இதைக் கையில் வாங்கும் உறவினரும் நண்பரும் முதலில் அதை அறிந்துகொள்ள வேண்டும். நினைவுக் கட்டுரைக்கு இவ்வளவு கோபம் அழகல்ல என்று நினைப்பவர்கள், பந்தி போடும்வரைக்கும் கடைசிப் பக்கத்திலுள்ள தேவாரத்தைப் படித்துக்கொண்டிருக்கலாம்.

அந்த வரலாற்றை எழுதியவர் நல்ல தமிழ் தெரிந்தவர். தீவுப்பகுதியில் யார் கண்ணை மூடினாலும் அவருடைய பேனா திறந்துவிடும். அக்கா "திருமகள் கடாட்சம் பெற்ற கைராசிக்காரி" என்று எழுதியிருந்தார். "தொட்டதெல்லாம் துலங்கியது" என்று எழுதியிருந்தார். அதற்கும் மேலே ஒரு படி போய், "தாய்மாமனாரின் வழிகாட்டலில் தொழிற்றுறையில் கால் பதித்தார்" என்றும் எழுதியிருந்தார். அந்தத் தாய்மாமனார், எங்கள் பெரிய மாமா, சொல்லச் சொல்ல அவர் எழுதினாராம். செத்தவர் எழும்பி வந்து இல்லையென்று சொல்லமாட்டார் என்ற துணிவு இரண்டு பேருக்கும் இருந்தது. அக்காவுக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள் என்பதை மறந்துபோனார்கள்.

அக்கா சரவணையில் பிறந்தார். எங்களைப் பெற்ற ஐயா புகையிலைத் தோட்டக்காரர். பெண்பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரிந்தால் போதும் என்று அக்காவைப் பள்ளிக்கூடத்தால் மறித்துவிட்டார். பிறகு வந்த என்னைப் படிக்கவைத்து ஆசிரியை ஆக்கியது அக்காவின் பிடிவாதம். தனிச் சிங்களச் சட்டம் வந்த வருடம் அக்காவுக்குக் கலியாணம். அத்தான் புங்குடுதீவு. அந்த ஊர் ஆண்களுக்குத் தென்னிலங்கையில் ஒரு கடை இல்லாவிட்டால் மீசை முளைத்தும் பிரயோசனமில்லை. அத்தானுக்கும் தெற்கே ஒரு சிறு பட்டணத்தில், பேருந்து நிலையத்துக்கு எதிரே தேத்தண்ணிக் கடை இருந்தது.

ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் அதை எரித்தார்கள். அத்தான் உடுத்த சாரத்தோடு கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். வீட்டுக்கு வந்தவர் சாக்குக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். ஒரு பாவமும் அறியாத மனிதனின் உழைப்பை நெருப்பு வைத்துக் கொளுத்திவிட்டு, கொளுத்தியவர்கள் தங்கள் வீடுகளில் நிம்மதியாகச் சோறு தின்றிருப்பார்கள். ஒரு நீதிமன்றமும் அவர்களைக் கேட்கவில்லை.

எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள்? செத்தவீட்டுக்கு வருவதுபோல் வந்தார்கள். கண்ணூறு என்றார் ஒருவர். ஏழரைச் சனி என்றார் இன்னொருவர். பெரிய மாமா எங்கள் குடும்பத்துக்குத் தலைவர், அம்மாவின் தமையன். அவர் கதிரையில் இருந்துகொண்டு, கலியாண நாள் பார்த்த சாத்திரியாரில் பிழை கண்டுபிடித்தார். தேத்தண்ணி குடித்தார்கள், போனார்கள். அத்தான் சுவரைப் பார்த்தபடியே கிடந்தார்.

அந்தக் கிழமைதான் அந்தோனிப்பிள்ளை அண்ணை வந்தார். ஊர்காவற்றுறைக்காரர், அத்தானோடு ஒரே வகுப்பில் படித்தவர். ஊரில் அவருக்குக் "கவிண்ட அந்தோனி" என்று பெயர். சரக்கேற்றும் வத்தை ஒன்று வைத்திருந்தார், அது மண்டைதீவுக் கடலில் கவிழ்ந்தது. பிறகு பாண் சுட்டு விற்கப் போறணை போட்டார், அதுவும் கவிழ்ந்தது. கருவாடு கட்டிக் கொழும்புக்கு அனுப்பினார், அதுவும் போயிற்று. அதற்குப் பிறகு மற்றவர்களின் வள்ளத்தில் கூலிக்கு மீன்பிடிக்கப் போய்வந்தார். காலை வேளையில் அவரின் முகத்தில் முழிக்கக்கூடாது என்று சொல்லுகிற புண்ணியவான்களும் இருந்தார்கள்.

ஓலையில் சுற்றிய மீனைக் குசினி வாசலில் அக்காவிடம் கொடுத்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் சப்பணமிட்டு நிலத்தில் இருந்தார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை.

"எரிச்சவங்கள் நாசமாய்ப் போவாங்கள். அதைப் பிறகு பேசுவம். எரிய முந்திக் கடை எப்பிடி ஓடினது? உண்மையைச் சொல்லு."

அன்றைக்கும் வந்திருந்த சனம் வாயில் கைவைத்தது. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறான் என்று பெரிய மாமா எழும்பிவிட்டார். ஆனால் அத்தான் சுவரை விட்டு இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார். பிறகு எழும்பி இருந்தார். எரிவதற்கு முதலே கடை நொண்டிக்கொண்டுதான் இருந்தது என்று சொன்னார். நகரத்துக் கடைகளைப் பார்த்து, சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்து, நிலத்துக்குச் சிவப்புச் சீமெந்து போட்டு, அதைத் தானே தினமும் மினுக்கினாராம். அந்த நிலையத்தில் இறங்குகிறவர்கள் தோட்டத்திலும் வயலிலும் வேலை செய்கிறவர்கள். சேற்றுக் காலோடு வருபவன் வாசலில் நின்று, கண்ணாடியில் தன்னையே பார்த்துக் கூசி, தெருவோரத்துப் பெட்டிக் கடைக்குப் போய்விடுவான். இதை அத்தான் அதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. ஒருவரும் கேட்டதுமில்லை.

குசினி வாசலில் மீனும் கையுமாக நின்று அக்கா முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று பின்னேரம் அத்தான் குளித்துச் சாப்பிட்டார். அக்காவின் தொழில் வாழ்க்கை அந்த ஒரு கேள்வியில் தொடங்கியது. அதில் திருமகளுக்கும் பங்கில்லை, தாய்மாமனுக்கும் பங்கில்லை.

கொஞ்ச நாளில் அக்கா பாண் போறணை போடப்போவதாகச் சொன்னார். எங்கள் ஊரில் தொழில் தொடங்குகிறவர்கள் நன்றாக வாழ்கிற ஒருவரிடம் போய் ஆசியும் யோசனையும் கேட்பார்கள். அக்காவும் முதலில் முறைப்படி பெரிய மாமாவிடம்தான் போனார். அவர் வெற்றிலை மென்றுகொண்டு, குடும்பப் பெண்ணுக்குப் போறணை எதற்கு, அப்பம் சுட்டு விற்றால் போதாதா என்று கேட்டார். வழிகாட்டல் அவ்வளவுதான். அச்சகத்துக்குப் போன வரலாற்றில் அது பெரிய எழுத்தில் இருந்தது.

அங்கிருந்து அக்கா நேரே அந்தோனிப்பிள்ளை அண்ணையின் வீட்டுக்குப் போனார். கூடப் போனவள் நான். அவர் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் பதறிப்போய், "தங்கச்சி, என்னட்டைக் கேட்டு என்ன செய்யப் போறீர்? என்ரை கை பட்டாலே கவிழும்" என்றார்.

"அதுக்குத்தான் அண்ணை வந்தனான். வெண்டவனுக்குத் தான் ஏன் வெண்டனெண்டு தெரியாது. கேட்டால் கடவுள் எண்டுவான், கைராசி எண்டுவான். தோத்தவனுக்கு அது மனப்பாடம்."

அவர் வலையைக் கீழே வைத்தார். தன் போறணை கவிழ்ந்த கதையைச் சொன்னார். பாண் நல்ல பாண். யாழ்ப்பாணத்தில் காலையில் பாண் விற்கிறார்கள் என்பதால் அவரும் விடியப் பாண் போட்டார். காலையில் ஊர்காவற்றுறையில் பாண் வாங்க யார் இருக்கிறார்கள்? ஆண்கள் கடலால் வந்து மீனோடு மல்லுக்கட்டுகிற நேரம். வீட்டில் பழஞ்சோறு இருக்கும். பாண் தேவைப்படுவது பின்னேரம், கடலுக்குப் போகிறவன் கட்டிக்கொண்டு போவதற்கு. அந்த நேரம் அவரின் பாண் காய்ந்து கல்லாகிவிடும். இரண்டாவது, விறகு. மாரி தொடங்கிய பிறகு விறகு வாங்கினார். அது ஈரம். போறணை புகைந்தது, பாண் வேகவில்லை. இதையெல்லாம் அவர் தயங்காமல் சொன்னார். அவரின் மனைவி படலைவரை வந்து, இந்தக் கதையை இவர் எனக்குக்கூடச் சொன்னதில்லை என்றார்.

அக்கா மத்தியானம் மா குழைத்துப் பின்னேரம் பாண் எடுத்தார். கோடையிலேயே விறகு வாங்கி அடுக்கினார். கடைக்குக் கதவும் இல்லை, கண்ணாடியும் இல்லை. வள்ளத்துறைக்குப் போகிற தெருப்பக்கம் ஒரு பலகைத் தட்டு மட்டும். ஈரச் சாரத்தோடும் மண் காலோடும் எவரும் வந்து நின்று வாங்கலாம். அது அத்தானின் கடை கற்பித்த பாடம். போறணைக்குப் பொறுப்பாக நின்றவரும் அத்தான்தான்.

திறப்பு நாளன்று நடந்ததைச் சொல்லவேண்டும். முதல் வியாபாரத்தை நல்ல கைக்காரர் ஒருவர் தொடக்கிவைப்பது எங்கள் ஊர் வழக்கம். பெரிய மாமா பட்டு வேட்டியும் சந்தனப் பொட்டுமாகத் தட்டுக்கு முன்னால் வந்து நின்றார். அப்பம் சுடச் சொன்ன அதே மாமாதான். அக்கா முதல் பாணை எடுத்தார். பெரிய மாமாவின் நீட்டிய கையைத் தாண்டி, தெருவின் அந்தப் பக்கம் ஒதுங்கி நின்ற அந்தோனிப்பிள்ளை அண்ணையைக் கூப்பிட்டு, அவரின் கையில் கொடுத்தார்.

"கவிண்ட அந்தோனியின்ரை கையிலையோ முதல் பாண்? எங்கடை ஆக்களும் இல்லை. விளங்கின மாதிரித்தான்" என்றார் பெரிய மாமா. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். எங்கடை ஆக்களாம்! எங்கடை ஆக்கள் கண்ணூறு பார்த்துவிட்டுப் போன வீட்டில், நிலத்தில் இருந்து கதை கேட்டவர் எங்கடை ஆள் இல்லையாம். அந்தப் போறணையில் இத்தனை வருடம் புகை எழும்பியது. எங்கள் வீடு நிமிர்ந்தது, நான் படித்தேன், என் கலியாணம் நடந்தது.

அதற்குப் பிறகு அக்காவுக்கு அதுவே வழக்கமாயிற்று. ஒரு தொழிலில் கை வைக்கமுதல், அதில் விழுந்தவர் எங்கே இருக்கிறார் என்று தேடுவார். ஐஸ் சேமித்து விற்க நினைத்தபோது, அதில் கையைச் சுட்டுக்கொண்ட ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருவர் புளியங்கூடலில் இருந்தார். அக்காவும் அந்தோனிப்பிள்ளை அண்ணையும் போனபோது, தோற்ற கதையைக் கேட்டு நக்கலடிக்க வந்திருக்கிறார்கள் என்று அவர் கதவைச் சாத்திவிட்டார். வெயிலில் படலையடியில் நின்றார்கள். கடைசியில் அவரின் மனைவிக்குப் பொறுக்காமல் கூப்பிட்டு மோர் கொடுத்தார். பிறகு அவர் சொன்ன காரணத்தை எந்தப் பணக்காரனும் சொல்லியிருக்கமாட்டான். அவர் ஐஸும் விற்றார், மீனும் வாங்கினார். மீன் முதலாளிமார் இவனும் எங்களோடு போட்டிக்கு வந்தவன்தானே என்று அவரின் ஐஸைத் தொடவில்லை. அது அவரின் கண்முன்னாலேயே உருகி ஓடியது. அக்கா ஐஸ் மட்டும் விற்றார். தன் வாழ்நாளில் ஒரு நெத்தலிகூட வாங்கி விற்றதில்லை.

"தொட்டதெல்லாம் துலங்கியது" என்று எழுதினார்களே, அக்காவின் சோடாவை அவர்கள் குடிக்கவில்லைப்போலும். நான் குடித்திருக்கிறேன். தீவுப்பகுதியில் அதுவரை ஒருவரும் சோடாத் தொழில் செய்ததில்லை. விழுந்தவர் ஒருவரும் இல்லாததால் கேட்பதற்கும் ஆளில்லை. ஐஸ் நன்றாக ஓடிய உற்சாகத்தில் அக்கா கேளாமலே தொடங்கிவிட்டார். மாரியில் கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருந்தது. கோடை வர உவர் ஏறியது. மாம்பழச் சோடா உப்புக் கரித்தது. வாங்கிக் குடித்தவர்கள் துப்பினார்கள். பிள்ளைகள் போத்திலைக் கண்டாலே சிரித்தார்கள். இரண்டாம் கோடையோடு கதவு சாத்தியாயிற்று.

மறுபடியும் கண்ணூறுக் கூட்டம் வந்தது. பொம்பிளை பேராசைப்பட்டால் இப்படித்தான் என்று பெரிய மாமா வந்து சொல்லிவிட்டுப் போனார். அக்கா அப்போது குசினிக்குள் அழுதார். அழாத பெண்போல அவரை எழுதிவைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அந்தோனிப்பிள்ளை அண்ணை மீனோடு வந்து நிலத்தில் இருந்தார்.

"தங்கச்சி, எப்பிடிக் கவிண்டது?"

அக்கா முகத்தைத் துடைத்தார். கிணற்றிலிருந்து தொடங்கிச் சொன்னார். சொல்லி முடிக்கும்போது இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து அக்கா அந்தக் கதையை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னார். சோடாத் தொழில் செய்ய நினைத்த ஒருவர் நயினாதீவிலிருந்து வந்து கேட்டு, தண்ணீரைப் பார்த்து யாழ்ப்பாணத்துக்கே போய்த் தொடங்கினார். அவரின் சோடா இன்று கடைகளில் இருக்கிறது. அக்காவோ, வெறுமையாய்க் கிடந்த சோடாக் கட்டடத்தில் மா அரைக்கும் மில் போட்டார். அதற்குமுதல் புங்குடுதீவில் மில்லை இழுத்து மூடியவரைத் தேடிப்போனார். ஒரே இயந்திரத்தில் மிளகாயும் அரிசியும் அரைத்தாராம். ஊர்ப் பெண்களின் புட்டு உறைத்ததாம். அக்கா இரண்டு இயந்திரம் வாங்கினார்.

இதற்குப் பெயர் கைராசியா? கூச்சத்தை விட்டு, மானத்தை விட்டு, ஊர் ஒதுக்கிய மனிதர்களின் வாசலில் போய் நின்று கற்ற கல்விக்குக் கைராசி என்றா பெயர் வைப்பது? ஆணொருவன் இதைச் செய்திருந்தால் மூளை என்பார்கள், முயற்சி என்பார்கள். பெண் செய்ததால் அது கையில் வந்து ஒட்டிக்கொண்டதாம்.

சென்ற வருடம் அக்காவுக்கு நெஞ்சு நோ வந்தது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் சில நாட்கள் இருந்தார். கண்மூடுவதற்கு முதல்நாளும் விறகு வந்ததா என்று கேட்டார். இறந்தவீட்டில் பெரிய மாமா நீண்ட இரங்கலுரை ஆற்றினார். அக்காவுக்குக் கைராசி என்ற பேச்சை அங்குதான் முதலில் கேட்டேன். அந்தச் சொல் என்ன செய்யும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அது என்ன செய்தது என்று இப்போது சொல்கிறேன். அத்தான் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அக்காவின் ஒரே மகள் ராணி போறணையைப் பொறுப்பெடுத்தாள். கெட்டிக்காரி, ஆனால் ஓடுகிற தொழிலைத்தான் அவள் பார்த்தாள், அது எதனால் ஓடுகிறது என்று கேட்டதில்லை. பட்டணத்திலிருந்து வந்த புது வேலையாள், எந்த ஊரிலும் பாண் விடியத்தானே போடுகிறார்கள் என்றான். அவளும் மாற்றினாள். சில மாதங்களில் பாண் தட்டில் காய்ந்தது. கடலுக்குப் போகிறவர்கள் பிஸ்கற் கட்டிக்கொண்டு போனார்கள். போன மாதம் போறணை குளிர்ந்துவிட்டது.

உடனே எல்லாரும் ஒரே வாயாய்ச் சொன்னார்கள்: "கைராசி தாயோடை போட்டுது. இனிப் பூட்டிப்போட்டு வித்துப்போடு." வாங்குவதற்கு ஆளையும் பெரிய மாமாவே பிடித்துவைத்திருக்கிறார். திவசம் முடியக் கையெழுத்து வைக்கச் சொல்லி நாளும் பார்த்தாயிற்று. ராணி என்னிடம், "சின்னம்மா, அம்மாவின்ரை கை எனக்கு இல்லை, நான் என்ன செய்ய ஏலும்?" என்று கேட்டாள். தன் பிழையைத் திருத்தலாம் என்ற எண்ணமே அந்தப் பிள்ளைக்கு வரவில்லை. இல்லாத கையை எப்படித் திருத்துவது? அந்த ஒரு சொல்லை அச்சிலும் போட்டு, அவளின் கையாலேயே இன்றைக்கு எல்லாருக்கும் கொடுக்கவைத்திருந்தால், அக்காவின் போறணையை அக்காவின் புகழைச் சொல்லியே மூடியிருப்பார்கள். அதனால்தான் அச்சகத்துக்கு ஓடினேன்.

நான் தாளோடு திரும்பி வந்த அன்று, அந்தோனிப்பிள்ளை அண்ணையிடம் போய் நடப்பதைச் சொன்னேன். அவருக்கு இப்போது தடி இல்லாமல் நடக்க ஏலாது. மறுநாள் மத்தியானம் வந்து, குளிர்ந்த போறணைக்கு முன்னால் மா மூட்டையில் இருந்தார்.

"பிள்ளை, எப்பிடிக் கவிண்டது?"

ஊருக்கெல்லாம் கைராசி இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்த ராணி, அவரிடம் ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். விடியப் பாண் போட்ட இடம் வந்ததும் அவர் இருமல் வரும்வரை சிரித்தார்.

"அடி பிள்ளை, இது என்ரை கவிழ்ப்பெல்லோ! கவிழுறதெண்டால் புதிசாய் ஒண்டிலை கவிழக்கூடாதோ?"

ராணி அழுகையும் சிரிப்புமாய் நின்றாள். அவளின் கையில் ஒரு குறையும் இல்லை, நேரத்தில்தான் பிழை என்று அவளுக்கு அப்போது விளங்கியது. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அத்தான் எழும்பி வந்து, போறணையின் வாய்க்குள் கையை விட்டுப் பார்த்தார்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கமுதல் அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். தன் கடை நொண்டிய கதை வேண்டாமென்றால் எடுத்துவிடுகிறேன் என்றேன். "எடுக்கவேண்டாம் பிள்ளை. கண்ணாடிக் கதையை வடிவாய் எழுதும். ஆருக்கும் உதவும்" என்றார்.

இனி நன்றி. அக்காவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், பாடை தூக்கியவர்களுக்கும், இறந்தவீட்டில் சமைத்துக்கொண்டு வந்த அயலவருக்கும், தந்தி அனுப்பியவர்களுக்கும், இன்று வந்திருப்பவர்களுக்கும் குடும்பத்தார் கடமைப்பட்டிருக்கிறோம். வெயிலில் நிற்கவைத்தாலும் பிறகு கதவைத் திறந்த புளியங்கூடல் ஐயாவுக்கும், உறைத்த புட்டை ஒளிக்காமல் சொன்ன புங்குடுதீவு மில்காரருக்கும் தனியாகக் கடமைப்பட்டிருக்கிறோம். எல்லாருக்கும் முதல், நிலத்தில் இருந்து கேட்ட அந்தோனிப்பிள்ளை அண்ணைக்கு. அவரின் பெயர் எங்கள் குடும்ப மலரில் வரக்கூடாது என்றவர்களுக்காக இன்னொருமுறையும் எழுதுகிறேன்: அந்தோனிப்பிள்ளை அண்ணைக்கு.

திவசச் சாப்பாடு முடிந்ததும் ஒருவரும் அவசரப்பட்டு வெளிக்கிடவேண்டாம். அத்தான் காலையிலேயே விறகு அடுக்கிவிட்டார், ராணி மா குழைக்கிறாள். வள்ளங்கள் கடலுக்குப் போகமுதல், பின்னேரம் பாண் எடுப்போம். முதல் பாண் யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை. பெரிய மாமா விரும்பினால் இரண்டாவதாக நிற்கலாம்.